கல்லோடு வந்த ஒயர்

கிளியனூரில் கோதண்டபாணியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த அரை ஏக்கர், பாட்டன் காலத்திலும் ஏர் படாத நிலம். முழுக்கக் களிமண்ணும் கல்லும். டிராக்டர்காரர் வர மறுத்துவிட்டதால் நிலக்கடலை போடுவதற்காகச் சின்னதாக ஒரு கரண்டு உழவு மெஷின் வாங்கினான். அடிக்கொரு கல்லில் மோதி அது துள்ளியது. பிளேடில் சிக்காதபடி ஒயரைத் தோளில் தூக்கிக்கொண்டு, கல்லைக் கூடையில் பொறுக்கியபடி பின்னால் நடந்தாள் அவன் மனைவி வேணி.

நாலாம் நாள் கல்லோடு ஒரு பழைய ஒயர்த் துண்டும் வந்தது. செம்புக் கம்பியில் களிம்பு ஏறியிருந்தது. நடுவே ஒரு ஒட்டு. அதைச் சுற்றி, நைந்துபோன புடவைத் துணி. அதில் மஞ்சள் பூக்கள் மட்டும் இன்னும் தெரிந்தன.

"ஏங்க, நமக்கு முன்னாடியே யாரோ ஓட்டிப் பாத்திருக்காங்க."

"இந்தக் கல்லுலயா? பேசிக்கினு நிக்காத. மழைக்குள்ள மல்லாட்டை போட்டாவணும்."

அடுத்த சாலில் மெஷின் கல்லில் எகிறி விழுந்து ஒயரை அறுத்தது. அவன் போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து கம்பியை முறுக்கினான்.

"டேப்பு இல்ல. துணி எதுனா..."

திரும்பினான். கட்டியிருந்த மஞ்சள் பூப் புடவையின் ஓரத்தைக் கிழித்து, வேணி ஏற்கனவே நீட்டிக்கொண்டிருந்தாள்.

வாங்கி ஒட்டின்மேல் சுற்றினான். கல் கூடையில் கிடந்த பழைய ஒட்டைப் பார்த்தான்: அதே பூ, அதே சுற்று. மல்லாட்டைப் பேச்சை அதற்குப் பிறகு இருவரும் எடுக்கவில்லை.