சத்தம் போடக் கூடாத இடம்

"உள்ள வந்து கதவைச் சாத்து" என்றார் ரைமோ. "இங்க யாரும் குரலை உயர்த்தக் கூடாது. தெரியும்ல?"

யூசோவுக்குத் தெரியும். இந்த ஏரிக்கரையில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். சௌனா என்கிற இந்த நீராவி அறை சர்ச் மாதிரி. உள்ளே சண்டை கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது, கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் கூடாது.

அதனால்தான் அவன் வாசலிலேயே தயங்கி நின்றான். பிடிக்காத ஒன்றைச் சொல்ல நினைப்பவர்கள்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

துண்டுகளை ஆணியில் மாட்டிவிட்டு இருவரும் மேல்பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். சின்ன ஜன்னல் வழியே ஏரி தெரிந்தது. சீசன் முடிந்துவிட்டது. கடைசி விருந்தாளிகளும் காலையிலேயே தூண்டில்களைக் காரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். படகுத்துறையில் ஹெலி வாடகைப் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெலி, ரைமோவின் ஒரே மகள். அவள் அம்மா இறந்த பிறகு இங்கிருக்கும் வாடகைக் குடில்களை அப்பாவும் மகளும்தான் நடத்துகிறார்கள். யூசோ தம்பேரே நகரத்துக்காரன். அவனும் அவன் அம்மா சிர்க்காவும் கோடைதோறும் இங்கே வந்து தங்குவார்கள். அம்மா விதவை. வந்து வந்துதான் அவனுக்கும் ஹெலிக்கும் காதல்.

மதியம் ஹெலி தெளிவாகச் சொல்லியிருந்தாள். "அப்பாவை இங்க தனியா விட்டுட்டு நான் தம்பேரேக்கு வர மாட்டேன். அவரே வாயைத் திறந்து, போம்மான்னு சொல்லணும். அப்பதான் கல்யாணம்."

"அவர் வாயைத் திறந்தே நான் பார்த்ததில்லையே?"

"அது உன் பிரச்சினை" என்று துடுப்பை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று அவன் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் ரைமோவே வந்தார். "சௌனா சூடாயிடுச்சு. நாம ரெண்டு பேர் மட்டும் போலாம். ஹெலிக்குத் தெரிய வேணாம்" என்றார். அவரிடமிருந்து அவன் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

ரைமோ அடுப்புக் கற்களின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். சீறிக்கொண்டு எழுந்த ஆவி யூசோவின் காதுமடலைக் கடித்தது.

"உங்க அம்மா முட்டிவலி தேவலையா?"

"பரவாயில்லை." முட்டிவலி வந்ததே போன வாரம்தான். ஹெலி சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

"அந்த மாடிப்படியெல்லாம் ஏறி இறங்கிக்கிட்டு, தனியாத்தான இருக்காங்க?"

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் போய்ப் பார்த்துக்கறேன்."

"மத்த நாள்ல?"

யூசோவுக்குச் சுருக்கென்றது. பெற்ற தாயைக் கவனிக்காதவன் என் பெண்ணை எங்கே கவனிக்கப்போகிறாய் என்கிறார். வெளியில் என்றால் பதில் சொல்லியிருப்பான். இங்கே பல்லைக் கடித்துக்கொண்டான்.

இன்னொரு கரண்டி. சூடு தாங்காமல் ஓடிப்போய் ஏரியில் குதித்துவிடலாமா என்றிருந்தது. ஆனால், பேச்சு முடிவதற்குள் குதித்தால் பயந்து ஓடினான் என்றாகிவிடும்.

"தனியா இருக்கறது கொடுமை, தம்பி" என்றார் ரைமோ. "ஏரி உறைஞ்சுட்டா இங்க மனுஷ வாசனையே கிடையாது. மீன்கிட்டதான் பேசணும். அதுக்கும் ஐஸ்ல ஓட்டை போடணும்."

சிரிக்கலாமா கூடாதா என்று யூசோவுக்குத் தெரியவில்லை. மறுப்புதான் வரப்போகிறது என்று மட்டும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஹெலி நெற்றியைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தாள். அவள் இல்லாத தம்பேரேவை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நான் வேணும்னா வேலையை விட்டுட்டு இங்கயே..."

"இரு. முதல்ல நான் சொல்லிடறேன். ஜூலையிலேருந்து தொண்டையில நிக்குது." ரைமோ மறுபடி தண்ணீர் எடுத்தார். வீசி ஊற்றியதில் பாதித் தண்ணீர் கல்லில் படாமல் தரையில் கொட்டியது.

இவ்வளவு கோபமா என்று யூசோ கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"நான் சொல்றதைக் கேட்டா உனக்கு ஆத்திரம் வரும். நியாயம்தான். ஆனா இங்க நீ கத்த முடியாது. அதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"புரியுது" என்றான் யூசோ. "ஹெலியை அனுப்ப உங்களுக்கு இஷ்டம் இல்லை. அவ்வளவுதானே?"

"ஹெலியா?" ரைமோ அவனை விசித்திரமாகப் பார்த்தார். "அவ உன்கூடத்தான் போகணும். நாளைக்கே கூட்டிட்டுப் போ. இப்ப அதையா பேசிட்டிருக்கோம்?"

"பின்ன எதை?"

ரைமோ கரண்டியை வாளிக்குள் வைத்தார். இத்தனை ஆவியிலும் சிவக்காதிருந்த அவர் கழுத்து இப்போது சிவந்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க அம்மாவை எனக்குக் கட்டித் தருவியா?"