நிறுத்தச் சொன்ன மாத்திரை

நான் விட்ட முதல் அறையில் மாமாவின் முகக்கவசம் கழன்று ஒரு காதில் தொங்கியது.

இரண்டாவது அறைக்கு அவர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. அதை மிதித்தேன். வேண்டுமென்றேதான்.

வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. தலை முதல் கால் வரை வெள்ளை உறை மாட்டிய இரண்டு பேர் உள்ளே அக்காவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்று டிரைவர் சொல்லிவிட்டார். உடனே இந்த மனுஷன், அக்காவின் வீட்டுக்காரர், "நான் வர்றேன்" என்று முந்திக்கொண்டு செருப்பை மாட்டினார். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், வண்டியில ஏறுன, காலை வெட்டிருவேன்!"

கல்யாணமான நாளிலிருந்து மாமா, மாமா என்று அவர் பின்னாலேயே சுற்றியவன் நான். யோவ் என்று வாயில் வந்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒரு நொடிதான். அடுத்த உதை அவர் முழங்காலில் விழுந்தது.

எதிர் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது பட்பட்டென்று சாத்திக்கொண்டவைதான். நோய்க்கு ஒளிந்தவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

எனக்கு டிங்கரிங் வேலை. அடிபட்ட கார்க் கதவில் ஒடுக்கு எடுப்பது பிழைப்பு. கை கனமாக இருக்கும். மாமாவுக்கு மருந்துக் கடையில் வேலை. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிற கை. திருப்பி அடிக்க வேண்டும் என்றுகூட அதற்குத் தோன்றவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறி ஏறியது.

அக்காவுக்கு முடக்குவாதம். உடம்பில் இருக்கிற எதிர்ப்புச் சக்தியே அவளுடைய மூட்டுகளைத் தாக்குகிறதாம். அதை அடக்கி வைக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மாத்திரை. அடக்கி வைத்த உடம்பில் தடுப்பூசி பிடிக்காது, அதனால் ஊசி போட்டபிறகு இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னார்.

ஊசி போட்ட முதல் சில நாள் இருக்கிறதே! விரல் முட்டியெல்லாம் வீங்கி, சீப்பைப் பிடிக்க முடியாமல், தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வந்து பார்த்தவன் தாங்க முடியாமல் பாதியிலேயே ஓடிப்போனேன்.

அத்தனையும் பட்டவளுக்குத்தான் இப்போது கொரோனா. மூச்சு முட்டுகிறது. ரத்தத்தில் ஊசி போட்ட அடையாளமே இல்லையே என்று டாக்டர் காலையில் போனில் சொன்னார். இவளை இழந்துவிடுவோமோ என்று முதல்முறையாகப் பயந்தேன்.

இருமுகிறவன், தும்முகிறவன் எல்லாம் வந்து நிற்கிற கடை அது. நாள் முழுக்க அங்கே நின்றுவிட்டு நேராக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் இவர். கொஞ்ச நாள் லீவு போடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாரா?

"கொண்டுவந்து குடுத்துட்டியேய்யா, பாவி!"

வயிற்றில் ஒன்று விட்டேன். மடங்கினார்.

அவளோடு நான்தான் போவேன். நான் பிறந்ததிலிருந்து அவள் எனக்கு அக்கா. இவர் நடுவில் வந்தவர்.

ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்தது. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு அக்கா. அவளைக் கண்டதும் மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

"அடி, நல்லா அடி. நோய் எங்கிருந்து வந்துச்சோ எனக்குத் தெரியாது. ஆனா அந்த ரெண்டு வாரமும் மாத்திரையைப் பொடிச்சு டீயில போட்டது நான்தான். அவ அழுறதப் பாக்க முடியலடா என்னால."



மருந்துக் கடைக்காரன்! எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன்! இதுவரை அடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்போதுதான் காரணம் கிடைத்தது.

கழுத்தைப் பிடித்தேன். இரண்டு கையாலும். அவர் கண் பிதுங்கியது. டிரைவர் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். முழங்கையால் ஒரு இடி இடித்தேன், விலகிப் போனார். இன்னும் அழுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொன்றுவிடத்தான் நினைத்தேன்.

"விடுடா அவர."

அக்கா மாஸ்க்கைக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"முதல் வாயிலயே கசந்துச்சுடா. தெரிஞ்சுதான் குடிச்சேன். அடுத்த ஞாயித்துக்கெழம, டீ எங்கன்னு நானே கேட்டு வாங்கினேன்."

மாமா வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிகிறது.

என் கை இன்னும் அவர் கழுத்தில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"யார் வர்றீங்க, சொல்லுங்க! நேரம் போகுது!" என்று டிரைவர் கத்தினார்.

கழுத்திலிருந்த கையைக் கீழே இறக்கினேன். மாமாவின் காலரைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினேன். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தது. இழுத்துக்கொண்டு போய் வண்டிக்குள் தள்ளினேன். தலை எதிலோ இடித்தது. இடிக்கட்டும். அக்காவின் காலடியில் போய் விழுந்தார்.

கதவை அறைந்து சாத்தினேன். வண்டி நகர்ந்தது. கூடவே ஓடிக்கொண்டு அதன் பக்கத்துத் தகரத்தில் ஓங்கி ஓங்கிக் குத்தினேன்.

"வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேருக்கும் இருக்கு!"