கம்பத்தை விடாத பை

மலையடிவாரத்துச் சின்ன விமான நிலையத்திலிருந்து ஐந்து மணி நேரம் கடல்மேல் பறந்து, குட்டி விமானம் தீவுக்கு வந்தது. வட்டமடித்துப் பார்க்க எரிபொருள் இல்லை. ஓடுபாதையோரக் கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பையை நம்பி, ஒரே மூச்சில் இறங்கியது. பயணிகள் கைதட்டினார்கள்.

விமானம் பையைப் பார்த்தது. "என்னண்ணே, பாதி கிழிஞ்சு தொங்குறீங்க?"

"நேத்துப் புயல், தம்பி. பிய்ச்சுக்கிட்டுப் போயிருப்பேன். இன்னைக்கு நீ வர்ற நாளாச்சேன்னு கம்பத்தை விடல."



மறுநாள் கிளம்பியதும் விமானம் பையின் பக்கமாக வந்து ஒரு இறக்கையைத் தாழ்த்தி வணங்கியது.

பை பதறிவிட்டது. விமானம் சாய்கிறதே, காற்று மாறியதைக் கவனிக்கத் தவறிவிட்டோமோ என்று, கிழிந்த வாயை விரித்து மறுபடியும் சரிபார்த்துக்கொண்டது.