வலது பக்க ஸ்பீக்கர்

"யாருங்க இதுல கை வெச்சது?"

வலது பக்க ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த கடைக்காரர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"தெரியலையே சார். கூட்டும்போது இடிச்சிருப்பேனோ என்னவோ," என்றாள் அந்த வீட்டுப் பெண், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு.

இந்த 'யாருங்க', 'சார்' எல்லாம் சுத்த நடிப்பு. அவர் பெற்ற ஒரே மகள் அவள். மனசுக்குப் பிடித்தவனை அவரிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. போனில் அவள் குரல் கேட்டாலே வைத்துவிடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் அவருடைய ஆடியோ கடைக்குள்ளேயே போய், "ஹோம் தியேட்டர் வாங்கணும்" என்று நின்றுவிட்டாள். மகளைத் துரத்தலாம். கடைக்கு வந்த வாடிக்கையாளரை எப்படித் துரத்துவது?

அஞ்சு ஸ்பீக்கர் செட்டை அவள் கை காட்டியபோது அவருக்குக் கோபம் வந்தது. "உங்க ஹாலுக்கு ரெண்டு நல்ல ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் போதும். காசைக் கரியாக்காதீங்க," என்றார். அவரே வந்து மாட்டியும் கொடுத்தார்.

அடுத்த வாரமே அவள் தரையைத் துடைக்கிறேன் என்று வயரைக் கழற்றி மாற்றிச் செருகிவிட, பாட்டு சப்பென்று ஆகி, அவர் மறுபடி வந்தார். அது தெரியாமல் செய்தது. அதற்கப்புறம் செய்ததெல்லாம் தெரிந்தேதான்.

"எத்தனை தடவைங்க சொல்றது?" அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சிவப்பு வயர் சிவப்புல, கருப்பு கருப்புல. ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் மாறிட்டா, அது முன்னால தள்ளும்போது இது பின்னால இழுக்கும். பாட்டுல உசிரே இருக்காது."

"ரெண்டுலயும் மாறிட்டா?"

"அப்ப ரெண்டும் சேர்ந்தே தள்ளும், சேர்ந்தே இழுக்கும். காதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணு மட்டும் முறுக்கிக்கிட்டு நின்னாத்தான் தகராறு."

"ஆமா, ஒண்ணு மட்டும் முறுக்கிக்கிட்டு நின்னா தகராறுதான்," என்றாள் அவரையே பார்த்தபடி.

அவர் இருமிக்கொண்டே பாட்டைப் போட்டார். டிரம் சத்தம் சோபா வரை வந்து அதிர்ந்தது. திருப்தியோடு நிறுத்தினார்.

"காப்பி குடிக்கிறீங்களா?"

"வேலைக்கு வந்த இடத்துல குடிக்கிறதில்லீங்க."

மாமனாருக்குப் பயந்து பால்கனியில் பதுங்கியிருந்த அவள் கணவன், காய்ந்த சட்டையையே திரும்பத் திரும்பக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லா இறுக்கிட்டேன். இனிமே என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது," என்றார். அவர் ஒரு நிமிஷம் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு பழைய துணி இருந்தா குடுங்க," என்றார்.

துணியைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் வந்தபோது பையை மூடிக்கொண்டிருந்தார். கையை மட்டும் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இந்தக் கூத்து இன்னும் எத்தனை நாளைக்கு? நேரா போய் அப்பான்னு கூப்பிட வேண்டியதுதானே?" என்றபடி கணவன் உள்ளே வந்தான்.

"கூப்பிட்டா கதவைச் சாத்திடுவாரு. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னா ஓடி வருவாரு."

வழக்கமாக ஒரு வாரமாவது விட்டுத்தான் வேலையைக் காட்டுவாள். 'இனிமே' என்று அவர் சொன்ன வார்த்தை உறுத்தியதால், அவர் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே வலது பக்க வயரை மாற்றிச் செருகிவிட்டாள். பிறகு பாட்டைப் போட்டாள்.

டிரம் கும்மென்று அடித்தது.

குனிந்து பார்த்தாள். சிவப்பு கருப்பில்தான் இருந்தது. கணவன் தாளம் போட்டுக்கொண்டே, "மாத்தி வெச்சும் பாடுதே. உங்கப்பா கைராசி அப்படி," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த தொழிலே அந்த ஒரு வயர்தான். கெடாததைக் கெட்டதென்று சொன்னால் போனிலேயே கண்டுபிடித்துவிடுவார். இனி எந்தச் சாக்கில் அவரை வரவழைப்பது?

நாட்கள் ஓடின. ஒரு சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் பையும் கையுமாக அவர் நின்றார்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். உங்க போனே காணோமேன்னு... சத்தம் எப்படி இருக்குங்க?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் பெருமூச்சோடு.

"நல்லாவா இருக்கு? இருக்காதே."

விறுவிறுவென்று உள்ளே வந்து பாட்டைப் போட்டார். டிரம் கும்மென்று அடித்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே அவள் நினைத்தாள். அவரோ இடது பக்க ஸ்பீக்கரின் பின்னால் போய்க் குனிந்தார்.

"அப்பா, அங்க இல்ல," என்றாள். "நான் மாத்தி வெச்சது வலது பக்கம்ப்பா. ஒவ்வொரு தடவையும் நான்தான். உங்களைப் பார்க்க எனக்கு வேற வழி தெரியல."

அவர் வலது பக்கத்தைப் பார்த்தார். இடது பக்கத்தைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, பையை ஓரமாகத் தள்ளினார்.

"நீ வலது பக்கத்தை மாத்தினா சத்தம் எப்படிம்மா கெடும்? அன்னைக்கு உன்னைத் துணி எடுத்துட்டு வரச் சொல்லிட்டு, நான் இடது பக்கத்தை மாத்தி வெச்சுட்டுல்ல போனேன்!"