ஒரு சீனியர், ஒரு ஃபுல்

"அறுபத்தஞ்சு ஆயிட்டாலே பாதிக் காசுதான் மாப்பிள்ளை. சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கும் உண்டாம். உங்க எதிர் வீட்டுக்காரரைக் கேட்டு வெச்சுட்டேன்."

ரயில் நிலையத்துப் படியில் இறங்கும்போதே மாமனார் ஆரம்பித்துவிட்டார். ஊரிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்த வெளிநாட்டு நகரத்தில் எங்கெங்கே வயசானவர்களுக்குச் சலுகை என்பது எட்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிற என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நேற்று மியூசியத்தில் அந்தச் சலுகைக்காக வரிசையையே நிறுத்திவைத்தார். எனக்கு மானம் போயிற்று.

"எனக்கு அறுபத்தாறு. உங்க அத்தைக்கு அறுபத்துநாலு. ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா அவளுக்கும் பாதிக் காசுல முடிஞ்சிருக்கும்" என்று வேறு அங்கலாய்த்தார்.

கட்டின மனைவிக்கு முழு டிக்கெட் எடுக்கக்கூட மனசு வராத மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் ரயில் பாஸ் எடுக்க ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும் என்று கவுன்டரில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்னதும் மாமியார் முகம் வெளிறிவிட்டது.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

தூண் பக்கம் ஒதுங்கினோம். கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"என் பாஸ்போர்ட்டை நீங்களே காட்டிட்டு, நீங்களே திருப்பி வாங்கிடுங்க. மாமா கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது."

"ஏன் அத்தை?"

"நான் அவரைவிட ரெண்டு வயசு பெரியவ." சொல்லிவிட்டு அக்கம் பக்கம் பார்த்தார். "வரன் தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. எங்கப்பா நாலு வயசைக் குறைச்சுச் சொல்லிக் கட்டிக் குடுத்துட்டார். முப்பத்தெட்டு வருஷமா மறைச்சு வெச்சிருக்கேன். இந்த விசாவுக்குக்கூட என் தம்பிதான் அலைஞ்சான். இவ பொய் சொல்லி வந்தவதானேன்னு இந்த வயசுல அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்னா, எனக்கு உசிரே போயிடும்."

எடையில் ஏமாற்றிவிட்டார் என்று காய்கறிக்காரரோடு பத்து வருஷம் பேசாமல் இருந்தவர் என் மாமனார். இதை எப்படி எடுத்துக்கொள்வார்?

"நீங்க அந்த பெஞ்சில போய் உக்காருங்க அத்தை. நான் பார்த்துக்கறேன்."

எங்கே பார்த்துக்கொள்ள விட்டார்? எனக்கு முன்னால் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றுகொண்டார் மாமனார். வேறு வழியில்லாமல் இரண்டு பாஸ்போர்ட்டையும் உள்ளே தள்ளினேன். கவுன்டர் பெண் பிரித்துப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"டூ சீனியர்ஸ்!"

தொலைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நோ, நோ" என்றது மாமனாரின் குரல். "ஒன் சீனியர். ஒன் ஃபுல்."

அவளுக்குப் புரியவில்லை. மாமியாருடைய பாஸ்போர்ட்டைத் திருப்பி, பிறந்த தேதியில் விரலை வைத்து அவரிடமே நீட்டினாள். அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, தன் பர்ஸைத் திறந்து ஒரு முழு டிக்கெட்டுக்கும் சேர்த்துப் பணத்தை வைத்தார். சண்டை சச்சரவு இல்லாமல் அந்தப் பர்ஸ் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மாமா, அந்தப் பொண்ணு ஏதோ தப்பாப் பார்த்துட்டா போல..." என்று உளறினேன்.

"சரியாத்தான் பார்த்தா."

"அப்போ பாதி விலையிலயே வாங்கியிருக்கலாமே?"

"சீனியர் பாஸுக்கு வேற கலர் மாப்பிள்ளை. கையில வாங்கினதும் கண்டுபிடிச்சிடுவா."

பெஞ்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் காதருகில் குனிந்தார்.

"கல்யாணமான மூணாம் மாசமே அவ பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டைப் பார்த்துட்டேன். எனக்குத் தெரியுங்கிறது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்."