பதினைந்தில் எட்டு போனால்

"வாத்தியார் ஓரடி தப்பினா பிள்ளைங்க பத்தடி தப்பும்" என்று ஆடிட்டரின் மாமனார் சொல்வார். பத்தடியா நூறடியா, அது ஆடிட்டருக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் மகளின் மூன்றாம் வகுப்பில், கடைசி வரிசைக் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

பெற்றோர் வந்து பாடத்தைப் பார்க்கலாம் என்ற நாள் அது.

வகுப்பா அது? ஒருத்தி பொத்தான்களை அடுக்கி எண்ணுகிறாள். ஒருவன் தரையில் வரைந்த எண்கோட்டில் குதிக்கிறான். உட்காரவே முடியாத ஒருத்தி நின்றுகொண்டே எழுதுகிறாள். யாரையும் யாரும் அதட்டவில்லை.

கணக்கு வாத்தியார் பலகையில் எழுதினார்: 15 - 8.

எழுதிவிட்டு அவரே நின்றுவிட்டார். கண்ணை மூடினார். விரலை மடக்கினார்.

"இருங்கப்பா, எனக்கு இது சட்டுனு வராது. இந்த எட்டு எப்பவும் என்னைப் படுத்தும்."

"பத்துல நின்னுட்டுப் போங்க சார்! முதல்ல அஞ்சு, அப்புறம் மூணு!"

கத்தியது ஆடிட்டரின் மகள்.

"ஆங், ஏழு! நல்லவேளை நீ இருந்தே."

ஆடிட்டருக்குக் காது சிவந்தது. மணி அடித்ததும் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"மேடம், கணக்கு வாத்தியாரே விரல் விட்டு எண்ணறார்! பதினஞ்சுல எட்டு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லலாமே."

தலைமையாசிரியை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவருக்கு ஏதோ புரிந்தமாதிரி இருந்தது.

"ஓ, பிள்ளைங்களுக்காக நடிக்கிறாரா? சொல்லக்கூடாதா? நல்ல யுக்திதான்."

"நடிப்பெல்லாம் இல்லை சார். சின்ன வயசுலேர்ந்தே அவருக்கு எண்கள் மனசுல தங்காது. வேலைக்கு வந்தப்பவே சொல்லிட்டார்."

"தெரிஞ்சேவா சேர்த்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் சேர்த்தேன். மனப்பாடம் வராததால ஒவ்வொரு கணக்குக்கும் நாலு வழி தேடி வச்சிருக்கார். ஒரு பிள்ளைக்கு ஒண்ணு புரியலைன்னா அடுத்ததை எடுப்பார். விடை மெதுவாத்தான் வரும். ஆனா தப்பா வந்து நான் பார்த்ததில்லை."

"எனக்குக் கணக்கு தானா வந்துச்சு மேடம். என் பொண்ணுக்கு நானே தினமும் உட்கார்ந்து சொல்லித்தரேன். 'பார்த்தாலே தெரியுதே, இதுல என்னடா இருக்கு'ன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். புத்தகத்தைத் திறந்தாலே வயித்தை வலிக்குதுங்கறா. இவர்கிட்ட விட்டா உள்ளதும் போயிடும். பிரிவை மாத்திக் கொடுங்க."

"பக்கத்துப் பிரிவுல இருக்கறவங்க கணக்குல தங்கப் பதக்கம் வாங்கினவங்க. நாளைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, மாத்திடறேன்."

வண்டியில் போகும்போது மகள் வாய் மூடவில்லை. வீட்டில் புத்தகத்துக்கு முன்னால் கல்லாகிவிடுகிற அதே பெண்.

"அப்பா, பதினஞ்சுல எட்டு போனா நீங்க எப்படிப் போடுவீங்க?"

"ஏழு."

"விடை கேக்கலப்பா. எப்படிப் போடுவீங்க?"

"எப்படின்னா... அது ஏழுதாம்மா."

"ஏன் ஏழு?"

ஆடிட்டர் யோசித்தார். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கும்வரை யோசித்தார்.

"தெரியலடா. தெரியும், அவ்வளவுதான்."

"சார்கிட்ட நாலு வழி இருக்கு. உங்ககிட்ட ஒண்ணுகூட இல்லையா?" அவர் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். "பாவம்ப்பா நீங்க. பரவாயில்லை, மெதுவா வரும்."

மறுநாள் அவர் பிரிவு மாற்றம் கேட்கப் போகவில்லை. வீட்டில் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதையும் நிறுத்திவிட்டார்.