கழுத்து மூட்டை

நூல் போன்ற ஒரு குழாயின் சுவரோரம் செவிலிச் செல் ஒருத்தி இருந்தாள். விந்தணுப் பிள்ளைகளை மடியில் வைத்து ஊட்டி, வால் முளைத்ததும் வழியனுப்புவது அவள் வேலை. புறப்படுகிறவர்கள் உடம்பில் மிஞ்சிய சதையை அவளிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். தட்டில் பிள்ளை வைத்த மிச்சத்தைத் தின்கிற தாய் மாதிரி, அவளே அதைத் தின்றுவிடுவாள்.

ஒருவன் மட்டும் முரண்டு பிடித்தான். “வழியில பசிக்கும்மா.”

“கனத்தைத் தூக்கிக்கிட்டு எப்படிடா நீந்துவே? எல்லாத்தையும் வை.”

வைத்தான். ஆனால் ஒரு துளியை மூட்டை கட்டிக் கழுத்தோரம் ஒளித்துக்கொண்டான்.

அடுத்தது ஆறு மீட்டர் நீளச் சுருள்குழாய். நீந்தப் பழகுகிற இடம் அதுதான். கடைசியில் இருக்கிற வாசல் திறப்பதற்குள் பழகாதவன் பயணம் போக முடியாது. எல்லோரும் வாலை வீசிப் பார்த்தார்கள். இவன் வீசினால் வால் பாதியில் மடங்கி, நின்ற இடத்திலேயே வட்டமடித்தான்.

பக்கத்தில் போன ஒருவன் சிரித்தான். “என்ன மாப்ள, கழுத்துல டிபன் கேரியரா?”

அவமானம் தாங்காமல் ஒரு வளைவில் ஒதுங்கி, மூட்டையை உதறினான். வால் விறுக்கென்று நிமிர்ந்தது. அப்போதுதான் கவனித்தான். அந்த வளைவு முழுக்க அதே மாதிரி மூட்டைகள்.

“இதெல்லாம் யாரோடது?”

சிரித்தவன் அவசரமாக முன்னால் நீந்தினான்.

“எனக்கென்ன தெரியும்? ஓரமா மூணாவதாக் கிடக்குது பாரு, அது சத்தியமா என்னோடது இல்ல!”